பதினோரு நாள் மழை

எனக்குக் கல்யாணம் பேசும்போது, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்ன வேலை என்று என் அப்பா கேட்டார். பேச்சை நடத்தி வைத்த பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மழை அளக்கிறாங்க" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அது கேலி இல்லை, நிஜமான வேலைதான் என்று அவருக்கு விளங்கவைப்பதற்குள் எல்லோருடைய டீயும் ஆறிவிட்டது.

எனக்குமே இந்த ஊருக்கு வந்த பிறகுதான் முழுதாக விளங்கியது. என் மாமியாரை ஊரில் எல்லோரும் மழைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். விவசாய அலுவலகத்தில் அவருக்குக் கடைநிலை வேலை. கூட்டிப் பெருக்குவார், பானையில் தண்ணீர் நிரப்புவார், கோப்புகளை மேசைக்கு மேசை தூக்கிக்கொண்டு போவார். சம்பளம் அதற்குத்தான். ஆனால் ஊரில் அவருக்கு ஒரு பெயரை வாங்கிக் கொடுத்தது, அலுவலகத்தின் பின்பக்கம் கம்பி வேலிக்குள் நின்ற மழைமானி.

மழைமானி என்றால் பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு ஓர் உலோக உருளை. அதன் வாயில் புனல், உள்ளே ஒரு குப்பி. ஒரு நாள் பெய்த மழை குப்பியில் சேர்ந்திருக்கும். தினமும் காலை எட்டரை மணிக்கு அதை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். குவளையில் தண்ணீர் நடுவில் கொஞ்சம் குழிந்து நிற்கும். அந்தக் குழியின் அடிமட்டத்தைத்தான் படிக்க வேண்டும், அதுவும் கண்ணுக்கு நேராக வைத்து. அதற்காக அத்தை ஈரப் புல்லில் மண்டி போடுவார். முப்பது வருஷம் அப்படி மண்டி போட்டதில் அவருடைய சேலைகளிலெல்லாம் முழங்கால் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் வெளுத்திருக்கும். துணி தைப்பவள் என்பதால் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

இந்த ஊருக்கு மழைமானி வந்ததற்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்ல ஊரின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதலில் வந்தது ஏரி. ஊர் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு சின்னக் குன்றுகளுக்கு நடுவே யாரோ சில குடும்பங்கள் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். தண்ணீர் நின்றது. கரைக்குக் கீழே நிலம் திருத்தினார்கள். நிலத்துக்குப் பக்கத்தில் வீடுகள், வீடுகளுக்குப் பக்கத்தில் வாரச்சந்தை, சந்தைக்காகத் தானியக் கிடங்கு என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தது. வெங்காயம் ஏற்றிப் போகச் சரக்கு ரயில்கூடச் சில காலம் வந்ததாம். லாரிகள் வந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது மூன்று தெரு, ஒரு பேருந்து நிலையம், இரண்டு பள்ளிக்கூடம், நாலு உரக்கடை. அவ்வளவுதான் ஊர்.

ஆனால் ஊர்க்காரர்கள் வயதைக் கணக்கிடுவது இதையெல்லாம் வைத்து இல்லை. "கரை உடைஞ்சப்போ நான் கைக்குழந்தை", "கரை உடைஞ்சு மூணாம் வருஷம் எனக்குக் கல்யாணம்" என்றுதான் பேசுவார்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய ஒரு தாழ்வான வழி உண்டு. கலிங்கு என்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கலிங்குக்கு அடங்காமல் தண்ணீர் ஏறி, அதன் பக்கத்துக் கரையையே அரித்துக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிட்டது. முப்பது வீடுகள் போயின. நான்கு உயிர்களும் போயின. அப்போது அத்தைக்கு இருபது வயது, கல்யாணமாகி ஐந்து மாதம். தானியக் கிடங்கில் மூட்டைகளின் மேல் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தாராம். அந்த நான்கு பேரில் ஒருத்தி, அவருக்கு இந்த ஊரில் முதலில் சிநேகிதமான பக்கத்து வீட்டுப் பெண்.

வெள்ளம் வடிந்ததும் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டார்கள். ஒருவர், "வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சுங்க" என்றார். இன்னொருவர், "எங்க மாட்டுத் தொட்டி ரெண்டு தடவை நெறைஞ்சுதுங்க" என்றார். மாட்டுத் தொட்டியின் அளவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அதிகாரி பேனாவைக் கையில் பிடித்தபடி விழித்தாராம். உடைந்த இடத்தில் மண்ணையும் கல்லையும் போட்டு ஒட்டுப்போட்டுவிட்டு, மறுவருஷம் விவசாய அலுவலகத்துக்கு ஒரு மழைமானியை அனுப்பி வைத்தார்கள். அதே வருஷம்தான் அத்தையும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

மழையை அளக்க வேண்டியவர் உண்மையில் அலுவலகக் குமாஸ்தா. எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பதால் அவருக்கு நாளைக்கு சார் என்று பெயர். காலை எட்டரைக்கு அவர் படுக்கையிலிருந்து எழுந்திருந்தாலே அதிசயம். அதனால் இரண்டாவது வாரமே குவளையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டார். அத்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எண்ணும் எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். மாதம் முடிந்ததும் அட்டையில் முப்பது நாளையும் எழுதுவார். நாளைக்கு சார் கையெழுத்துப் போடுவார். அட்டை தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

போகப் போக ஊரே அவரிடம் கேட்க ஆரம்பித்தது. விதைக்கலாமா, இன்னொரு மழைக்குப் பொறுக்கலாமா என்று முடிவு செய்ய, விவசாயிகள் காலையில் வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். டீக்கடையில் பந்தயம் கட்டுகிறவர்களும் தீர்ப்புக்கு அவரிடம்தான் வருவார்கள். கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறவர்கள், "அன்னைக்கு மழை வருமாம்மா?" என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "பெஞ்ச மழையைக் கேளுங்க, சொல்றேன். பெய்யப்போற மழைக்கு நான் பொறுப்பில்ல" என்பார். அவர் சொன்ன எண்ணை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம்தான் ஏரிக்குப் புதுக் கலிங்கு கட்டப் போவதாகச் செய்தி வந்தது. முப்பது வருஷமாக ஒட்டுப்போட்ட கரையைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகிடந்த ஊர் அது. எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. தானியக் கிடங்கில் கூட்டம் போட்டார்கள். பொறியாளராக வந்தவள் சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. மூட்டைகளின் மேல் படத்தை விரித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசினாள்.

"கலிங்கு எவ்வளவு அகலமா கட்டணும்னு நாங்களா முடிவு பண்ண முடியாது. இந்த ஊர்ல தொடர்ச்சியா சில நாள் அடைமழை பெஞ்சா எவ்வளவு பெய்யும்னு தெரியணும். நல்லவேளை, உங்க ஊருக்கு இருபத்தொன்பது வருஷக் கணக்கு இருக்கு. எல்லாம் உங்க மழைக்காரம்மா அளந்தது."

கிடங்கே கைதட்டியது. கலிங்குக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த வெங்காயக்காரர் மட்டும் எழுந்து, "அதெல்லாம் சரிம்மா. என் நிலத்துல பத்தடி போகுமா, இருபதடி போகுமா? அதைச் சொல்லு" என்றார். "அதையும் அந்தக் கணக்குதான் சொல்லும்" என்றாள் அவள். மறுபடியும் சிரிப்பு, கைதட்டல்.

நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெருமையில் முகம் மலர்ந்திருக்கும் என்று திரும்பிப் பார்த்தால், ரத்தமே சுண்டிப்போன மாதிரி இருந்தார்.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைப் போட்டால் கையால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். மாமா கதிரடிக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். வாய் ஓயாமல் பேசுகிறவர். "என்ன, ஊரே கைதட்டினதுல வயிறு நெறைஞ்சு போச்சா?" என்று கேலி செய்தார். அத்தை சிரிக்கவில்லை. நான் புது மருமகள். ஏதாவது கேட்கப் போய், என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று பதில் வந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் மதியம். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

"சொல்லுங்க அத்தை."

"பதினோரு நாள் நான் மழையை அளக்கல. பொய்யா எழுதிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க இது ஒரு பொய்யா என்று நினைத்தேன். நல்லவேளை, சிரிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் அதன் கனம் புரிந்தது.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரருக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்தது அது. மழைக்காலம் உச்சத்தில் இருந்தது. பையனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மாமா இயந்திரத்தோடு ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். ஓடையில் வெள்ளம். அத்தை பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகிற வழியில் அலுவலகத்தில் நின்று, "சார், நான் வர்ற வரைக்கும் மழையை மட்டும் பாத்து எழுதி வெச்சிடுங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனார். நாளைக்கு சார், "நீ போம்மா, நாளையிலேருந்து நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பையன் பிழைத்து எழுந்தான். திரும்பி வந்து வேலிக் கதவைத் திறந்தால், குப்பி நிரம்பி, உருளையும் நிரம்பி, தண்ணீர் வெளியே வழிந்துகொண்டிருந்தது. ஒரு நாள்கூட யாரும் அதைத் தொடவில்லை. எவ்வளவு பெய்தது, எந்த நாள் எவ்வளவு, எதுவும் தெரியாது. அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்கு சார் தலையைச் சொறிந்துகொண்டு, "மாசக் கடைசி வந்துடுச்சும்மா. காலியா அனுப்பினா என்னைக் கேப்பாங்க. நீயே பாத்து ஏதாவது போடு" என்றார்.

அத்தை மூன்று பேரிடம் விசாரித்தார். உரக்கடைக்காரர் செவ்வாய்தான் பலத்த மழை என்றார். பால்காரர் வியாழன் என்றார். மூன்றாவது ஆள், "எல்லா நாளும்தான் பெஞ்சுது" என்றார். அத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து பதினோரு கட்டங்களையும் நிரப்பினார். அட்டை போய்விட்டது.

"அன்னைலேருந்து அந்த அட்டை என் தொண்டையில நிக்குது" என்றார் அத்தை. "அந்தப் பதினோரு நாள்தான் இத்தனை வருஷத்துல பெஞ்ச பெரிய மழை. அதை வெச்சு இப்போ கலிங்கு கட்டப் போறாங்களாம். நான் கம்மியா எழுதியிருந்தா கலிங்கு சின்னதாயிடும், மறுபடியும் கரை உடையும். கூட எழுதியிருந்தா அந்த வெங்காயக்காரர் நெலம் அநியாயமாப் போகும். நான் எப்படி எழுதியிருந்தாலும் யாரோ ஒருத்தர் வயித்துல அடிச்ச மாதிரிதானே?"

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் கையை உல்டாவாக வைத்துவிட்டேன் என்பதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"போய்ச் சொல்லிடுங்க அத்தை. இன்னும் கல்லு வைக்கலையே."

"வேலையை விட்டுத் தூக்கிட்டா?"

"தூக்கினா தூக்கட்டும். என் மிஷின் ஓடுதில்ல?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாயில்லாப் பூச்சின்னு உங்க அப்பா சொன்னாரே" என்றார். நாலு நாளில் அன்றுதான் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

மறுநாள் காலை மழைமானியைப் பார்த்து எழுதிவிட்டு, இருவரும் ஏரிக்கரைக்கு நடந்தோம். கரையின் மேல் தகரக் கொட்டகை போட்டு அதைத்தான் அலுவலகமாக வைத்திருந்தாள் பொறியாளர். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரெல்லாம் வரைபடம். அத்தையைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா."

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உக்காந்தா சொல்ல முடியாமப் போயிடும்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எல்லாம் சொன்னார். நாளைக்கு சாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "புள்ளைக்கு உடம்பு சரியில்ல. நான் ஊர்ல இல்ல. வந்து நானாத்தான் எழுதினேன்" என்று முடித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

பொறியாளர் மேசைக்குக் கீழே இருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். பழுத்துப்போன அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒன்றைத் தேடி எடுத்து அத்தையின் பக்கம் திருப்பி வைத்தாள்.

அத்தையின் கையெழுத்தேதான். ஆனால் அந்தப் பதினோரு கட்டங்களின் மேலும் குறுக்காக ஒரு பென்சில் கோடு இழுத்திருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், "சந்தேகம். கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தது.

"யாரு எழுதினது இது?" என்று கேட்டார் அத்தை.

"தெரியலம்மா. தலைமை ஆபீஸ்ல அந்தக் காலத்துல அட்டையைச் சரிபார்த்தவங்க யாரோ. தேதியைப் பாருங்க. அட்டை போய்ச் சேர்ந்த அதே வாரம்."

"அதே வாரமா?"

"அதே வாரம். உங்க மத்த நாளெல்லாம் பாருங்க. பன்னெண்டு புள்ளி நாலு, மூணு புள்ளி எட்டு, இருபத்தேழு புள்ளி ரெண்டு. இந்தப் பதினோரு நாள் மட்டும் நாப்பது, அறுபது, இருபத்தஞ்சு, எழுபதுன்னு முழு முழு எண்ணா இருக்கு. மழைக்கு அவ்வளவு ஒழுங்கு வராதும்மா. நான் பாத்த உடனே நெனச்சேன், இவங்க ஊர்ல இல்லன்னு."

அத்தை அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ கலிங்குக்கு?"

"இதைச் சேர்க்கவே இல்ல. சுத்தி இருக்கிற மூணு ஊர்ல மழைமானி இருக்கு. அதை வெச்சு அந்த நாளுங்களைக் கணிச்சாச்சு. கேக்கறீங்களேன்னு சொல்றேன், நீங்க போட்ட மொத்தம் ரொம்ப ஒண்ணும் தப்பில்ல. ஆனா நாள் நாளா பாத்தா பாஸ் மார்க் வராது."

"சந்தேகம்னா ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே! இருபத்தொரு வருஷமா..." என்றார் அத்தை.

"கேட்டிருக்காங்களே." அட்டையோடு குண்டூசி போட்டுக் குத்தியிருந்த ஒரு நகலைக் காட்டினாள் பொறியாளர். "விளக்கம் கேட்டு உங்க ஆபீஸுக்குக் கடிதம் போட்டிருக்காங்க. ஞாபகக் கடிதம் வேற ரெண்டு. பதிலே வரல."

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாளைக்கு சார் ஓய்வு பெற்றுப் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கடிதத்துக்கு அவர் எந்த நாளைக்குப் பதில் எழுதலாம் என்று இருந்தாரோ!

அத்தை அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு ஏறி ஏறிக் கண்ணீர் வழிந்தது. பொறியாளரும் சிரித்தாள். என்ன ஏதென்று எட்டிப் பார்த்த மேஸ்திரி எங்கள் மூன்று பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"வேலைக்கு ஏதாவது வருமா?" என்று நான்தான் கேட்டேன்.

"எழுத்துல ஒண்ணு கொடுத்துடுங்க. மறைச்சா தப்பு, சொன்னா என்ன? இருபத்தொன்பது வருஷத்துல பதினோரு நாள். நான் பாத்த சில ஊர் அட்டையில வருஷம் பூரா ஒரே எண்ணு இருக்கு."

அத்தை அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. "இனி அளக்க இயலாத நாளுக்குரிய கட்டத்தைக் காலியாக விடவும்." இவ்வளவுதான். மாமா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு, "இதுக்கா நீ என்கிட்டகூட இத்தனை வருஷம் மூச்சு விடல?" என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார். அந்தக் கோபம் ஆற ஒரு வாரம் ஆனது. அத்தைக்கோ நன்றாகப் பசித்தது. கரைக்குப் போய்வந்த அன்றே என் சமையலை மூன்று தடவை கேட்டுப் போட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். எனக்கும் அன்றுதான் உயிர் வந்தது.

புதுக் கலிங்கு கட்ட ஒன்றரை வருஷம் பிடித்தது. வெங்காயக்காரருக்கு இருபதடி போனது. அளந்து கல் நடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் தடுக்கவில்லை. கரை உடைந்த வருஷம் அவருடைய வீடும்தான் போயிருந்தது.

கட்டி முடித்த இரண்டாம் வருஷம் அந்த மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடியும்போது எதிர்வீடு தெரியவில்லை. ஊரில் பாதிப்பேர் பாயும் போர்வையுமாகக் கிடங்குக்குப் போய்விட்டார்கள். எட்டரைக்கு அத்தை கிளம்பினார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. நான் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன். குடைக்கு மேலேயும் மழை, கீழேயும் மழை.

குவளையில் ஒரு தடவைக்கு இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். அத்தை ஊற்றுவார், பார்ப்பார், கொட்டுவார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கூழாங்கல்லை என் உள்ளங்கையில் வைக்கச் சொன்னார். பத்துக் கல் சேர்ந்தது. அதற்கு மேல் பதினொன்று புள்ளி ஆறு.

"இருநூத்திப் பதினொண்ணு புள்ளி ஆறு" என்றார் அத்தை. கல்லை எண்ணச் சொல்லி இரண்டாம் தடவையும் சரிபார்த்தார். ஒரே நாளில் அவ்வளவு மழையை அவர் அளந்ததே இல்லை. அலுவலகத்திலிருந்து பொறியாளருக்குத் தொலைபேசி போட்டார். அவள் இப்போது வேறு ஊரில் இருந்தாள். எண்ணைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அம்மா, முந்நூறு பெஞ்சாலும் தாங்கற மாதிரிதான் கட்டியிருக்கோம். ஆனாலும் கரையைப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

நாங்கள் கரைக்குப் போனோம். ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். தண்ணீரின் இரைச்சலில் யார் பேசினாலும் கேட்டிருக்காது. கலிங்கின் முழு அகலத்துக்கும் தண்ணீர் ஒரே பாளமாக வழிந்து, கீழே கல்தளத்தில் விழுந்து, நுரைத்துக்கொண்டு ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது. மாமா கரையின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி குந்தியிருந்தார். மணி பத்தானது. தண்ணீர் குச்சியைத் தொட்டது. பதினொன்றானது. தொட்ட இடத்திலேயே நின்றது. ஒரு மணிக்கு மழை தூறலானது. மாமா எழுந்து இரண்டு கையையும் தூக்கி, "எறங்குது! ரெண்டு விரல் எறங்கிடுச்சு!" என்று கத்தினார்.

அப்போது கரையில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. யார் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெங்காயக்காரர் தண்ணீர் ஓடும் இடத்தைக் காட்டி, "பாருங்கய்யா, என் இருபதடிதான் ஓடுது! ஊரைக் காப்பாத்தினது என் இருபதடி!" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. அத்தை ஈரச் சேலையோடு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிடங்கில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்ததையும், அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் நினைத்தாரோ என்னவோ. கொஞ்ச நேரம் கழித்து, "டீ கெடைக்குமா பாரு" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவர் வேலையில் இருந்தார். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு தானாக அளக்கும் புது மழைமானியைக் கொண்டுவந்து நட்டார்கள். மனசு சங்கடப்படுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லது. இதுக்குப் புள்ளையும் கெடையாது, காய்ச்சலும் கெடையாது" என்றார்.

ஏரிக்கு நேர் கீழே, முப்பது வீடுகள் போன இடத்துக்குப் பள்ளத்தெரு என்று பெயர். தெரு என்றுதான் பெயரே தவிர, கரை உடைந்த பிறகு அங்கே ஒருவரும் வீடு கட்டவில்லை. ஆடு மேயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். அந்த மழைக்கு அடுத்த வருஷம் வெங்காயக்காரர் மகள் அங்கே முதல் வீடு கட்டினாள். அடுத்தது நாங்கள். இப்போது பதினான்கு வீடுகள் இருக்கின்றன. பதினைந்தாவது வீட்டுக்கு இன்று காலை கல் வந்து இறங்கியது. லாரி எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மாமா வெளியே டிரைவரோடு மல்லுக்கு நிற்கிறார். வீடு கட்டுகிறவர்கள் யார், எத்தனை பேர், எந்த ஊர் என்று அத்தை அதற்குள் விசாரித்து முடித்துவிட்டார். கைக்குழந்தை ஒன்று இருக்கிறதாம்.